நேபிள்ஸ் நகரத்து உருளைக்கிழங்கு உருண்டை

போண்டாவை நமக்கெல்லாம் தெரியும். வெளியே கடலை மாவு, உள்ளே உருளைக்கிழங்கு. கடித்தால் கிழங்கு வரும். அதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது.

இத்தாலி தேசத்து நேபிள்ஸ் நகரத்தார் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். அவர்களுடைய பண்டத்தில் உருளைக்கிழங்குதான் வெளிச்சுவர். அந்தச் சுவருக்குள்ளே குடியிருப்பது சீஸ் என்கிற பாலாடைக்கட்டி. பொரித்தெடுத்த சூட்டோடு அதைக் கடித்து, மீதியை வாயிலிருந்து சற்றே தூர இழுத்துப் பாருங்கள். உருகிய பாலாடைக்கட்டி நூல் நூலாக நீண்டுகொண்டே வரும். நூல் அறுந்தால்தான் அடுத்த வாய் பேச்சு! சிறு பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கும்தான், வெளியில் சொல்லிக் கொள்வதில்லை.

மாலை வேளையில் நண்பர்களை அழைத்துப் பானங்கள் பரிமாறும் விருந்துகளில் இன்று இந்த உருண்டைக்குத் தனி மதிப்பு. ஆனால் வீட்டில் செய்து பார்த்த பலர் ஒரே ஒரு புகாரைத்தான் சொல்கிறார்கள்: “எண்ணெயில் போட்டதும் வெடித்துவிட்டது!” உள்ளே இருந்த பாலாடைக்கட்டி வாணலியில் ஓடிவிட, விருந்தாளிக்கு வெறும் ஓடுதான் மிச்சம். போதாக்குறைக்கு, விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரியே மாலை முழுவதும் அடுப்படியில் நின்று, கூடத்தில் கேட்கும் சிரிப்பொலியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதாகிறது.

இந்த இரண்டு சங்கடத்துக்கும் மருந்து ஒன்றேதான். அந்த மருந்தின் பெயர் ‘நேற்று’. விவரத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உருண்டையின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ராஜா வீட்டுச் சமையற்காரர்கள்

உருளைக்கிழங்கு ஐரோப்பாக் கண்டத்தின் சொந்தப் பிள்ளை அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையிலிருந்து ஸ்பானியர்கள் 16-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொண்டுவந்து சேர்த்தார்கள். வந்த புதிதில் அதற்கு மரியாதை இல்லை. அதைத் தின்றால் தொழுநோய் வரும் என்று பயந்தவர்கள் கூட உண்டு. மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டார்கள். பஞ்சமும் யுத்தமும் வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

18-ம் நூற்றாண்டின் பின்பகுதியில் நேபிள்ஸ் தனி ராஜ்யமாக இருந்தது. அதன் அரசன் நான்காம் பெர்டினாண்டு 1768-ல் மணந்துகொண்ட மரியா கரோலினா, பிரெஞ்சுப் புரட்சியில் தலையிழந்த மேரி அந்துவானெத்தின் சொந்த அக்காள். அந்தக் காலத்தில் நேபிள்ஸ் பிரபுக்களின் மாளிகைகளில் பிரெஞ்சுச் சமையல்தான் நாகரிகம். அதில் தேர்ந்த சமையற்காரர்களை ‘மொன்ஸூ’ என்று அழைத்தார்கள். பிரெஞ்சு மொழியின் ‘மொஸ்யே’ என்ற மரியாதைச் சொல் நேபிள்ஸ்காரர் வாயில் புகுந்து அப்படி ஆகிவிட்டது! ‘மொறுமொறு’ என்று கடிப்பதற்குப் பிரெஞ்சில் ‘குரோக்கே’ என்று பெயர். அதிலிருந்து பிறந்த ‘குரோக்கெத்’ என்ற பலகாரப் பெயர் நேபிள்ஸில் ‘குரொக்கே’ ஆயிற்று.

அரண்மனை வாசனை வீதிக்கு வர அதிக நாள் பிடிக்கவில்லை. ஏழைகள் குடியிருக்கும் சந்துகளில், பொரித்த பலகாரம் மட்டுமே விற்கும் கடைகள் முளைத்தன. ‘பிரிஜித்தோரியா’ என்று அவற்றுக்குப் பெயர். இன்றைக்கும் பழைய நேபிள்ஸின் ட்ரிபுனாலி வீதியில் நடந்தால், கொதிக்கும் எண்ணெயின் வாசனை ஆளைக் கையைப் பிடித்து இழுக்கும். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் பொரித்த பண்டங்களைச் சுடச்சுடக் கொட்டிக் கொடுப்பார்கள். அந்தக் கூம்புக்கு ‘குவோப்போ’ என்று பெயர். நம் ஊர்க் கடலைப் பொட்டலத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

வீதிக்கு வந்த பண்டத்துக்கு வீதிப் பெயரும் வந்தது: ‘பன்ஸரொத்தி’. ‘பன்ஸா’ என்றால் தொந்தி! சிஸிலித் தீவின் பலெர்மோ நகரத்தில் இதற்கு ஒரு தம்பி உண்டு. அதற்குப் பாலாடைக்கட்டிப் பூரணம் கிடையாது. ரொட்டித் தூள் சட்டையும் கிடையாது. கிழங்கின் பசையை மட்டுமே நம்பிப் பொரிக்கிறார்கள். அந்தப் பண்டத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருளை ஒரு குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது. ஆகையால் மேலே போவோம்.

சோபியா லாரன் பொரித்த பலகாரம்

விட்டோரியோ டி சிகா 1954-ல் ‘நேபிள்ஸின் தங்கம்’ என்ற படத்தை எடுத்தார். அதில் ஒரு கதையில் சோபியா லாரன் வீதியோரத்தில் பொரித்த பீட்ஸா விற்கும் பெண்ணாக வருகிறார். “இன்று சாப்பிடு, எட்டு நாள் கழித்துக் காசு கொடு” என்பது கடையின் தர்மம். அவள் தன் கல்யாண மோதிரத்தை இருக்கக்கூடாத இடத்தில் வைத்துவிட்டு, பிசைந்த மாவில் விழுந்துவிட்டதாகப் புருஷனிடம் சாதிக்கிறாள். அந்தப் பாவமோ அன்று பலகாரம் வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் மோதிரத்தைத் தேடி ஓடுகிறான்!

எட்டு நாள் கடன் வைத்துச் சாப்பிட்ட ஊர் அது. அன்றாடங்காய்ச்சிகளின் பசியை ஆற்றிய எண்ணெய்ச்சட்டியிலிருந்து வந்த பண்டந்தான் இன்று பளபளக்கும் கண்ணாடிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வெள்ளித் தட்டில் உட்கார்ந்திருக்கிறது.

கோப்பைக்குப் பக்கத்தில் எதற்கு?

இத்தாலியர் இரவு உணவுக்கு முன்னால், மாலை ஏழு மணி சுமாருக்கு, ‘அபெரிதீவோ’ என்று ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள். ‘திறப்பது’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பசியைத் திறந்துவிடும் பானம் என்று கருத்து. டூரின் நகரத்தில் 1786-ல் கார்ப்பானோ என்பவர் மூலிகைகளை ஊறவைத்த ‘வெர்மூத்’ என்னும் திராட்சை மதுவை விற்கத் தொடங்கினார். கஸ்பாரே கம்பாரி 1860-ல் தொடங்கிய தொழிலிலிருந்து கசப்பான சிவப்புக் கம்பாரி வந்தது. இவை இரண்டையும் ஜின்னோடு சம அளவில் கலந்தால் ‘நெக்ரோனி’. பிளாரன்ஸ் நகரத்தில் 1919-ல் ஒரு பிரபு கேட்டு வாங்கிக் குடித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது என்று சொல்வார்கள். இப்படிப் பலவற்றைக் கலந்து செய்யும் பானங்களைத்தான் ‘காக்டெயில்’ என்கிறோம்.

இந்தக் கசப்புக்குப் பக்கத்தில் உப்பும் கொழுப்பும் உள்ள பண்டம் ஒன்று இருந்தால் நாக்குக்குச் சுகம். கடைக்காரருக்கோ வேறு லாபம்: உப்பு தாகத்தைக் கிளப்பும்! ஆனால் இவற்றைவிடப் பெரிய காரணம் வயிற்றுக்குள் இருக்கிறது.

மதுவின் பெரும்பகுதி சிறுகுடலில்தான் ரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால், இரைப்பையின் கீழ்வாசல் திறந்தே இருப்பதால், மது நேரே குடலுக்குள் இறங்கித் தலைக்கு ஏறிவிடும். வயிற்றில் மாவும் கொழுப்பும் இருந்தால் அந்த வாசல் மெதுவாகத்தான் திறக்கும். அதனால் ரத்தத்தில் மது ஏறும் வேகமும் உச்சமும் குறைகின்றன. ஆகவே, பானம் கொடுக்கிறவர் கூடவே உணவும் கொடுப்பது விருந்தாளிக்குச் செய்யும் பாதுகாப்பு.

இதைக் கேட்டு, “நாலு உருண்டை தின்றுவிட்டால் எத்தனை கோப்பையும் குடிக்கலாம்” என்று யாராவது கணக்குப் போட்டால் அது தப்புக் கணக்கு. உணவு மதுவைத் தாமதப்படுத்துமே தவிர அழித்துவிடாது. குடித்ததெல்லாம் கடைசியில் ரத்தத்துக்கு வந்தே தீரும். உடம்புக்குத் தீங்கில்லாத அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் திட்டமாகச் சொல்லிவிட்டது. குடித்தவர் வண்டி ஓட்டக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஏன் வெடிக்கிறது?

இனி அடுப்படிக்குப் போவோம். உருண்டை வெடிப்பதற்கு இரண்டு எதிரிகள் காரணம். ஒன்று தண்ணீர், மற்றது அவசரம்.

தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு பருத்துவிடுகிறது. கிழங்கில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஆவி வெளியே போக வழி தேடும். சுவரில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே முட்டும். கீறல் வாயாகும், வாய் வழியே பாலாடைக்கட்டி புறப்பட்டுவிடும். ஆகவே கிழங்கு மாவுப் பதமுள்ளதாக, பழையதாக இருக்கவேண்டும். புதுக்கிழங்கில் ஈரம் அதிகம். கிழங்கை வெட்டி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்துவிடும். தோலோடு முழுசாகத்தான் வேகவைக்க வேண்டும்.

கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து எடுக்கவும் கூடாது. குளிரில் அதன் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும். சர்க்கரை மிகுந்தால் பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும். அப்படிக் கறுக்கும்போது ‘அக்ரிலமைடு’ என்ற வேண்டாத பொருளும் கூடுகிறது. உருண்டை பொன்னிறமாக இருக்கவேண்டும், பழுப்பு ஏறவிடக்கூடாது.

வெந்த கிழங்கை மிக்ஸியில் போட்டு அரைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தயவுசெய்து வேண்டாம்! கத்தி சுழலும் வேகத்தில் கிழங்கின் அணுவறைகள் உடைந்து, மாவுச்சத்து வெளியே கொட்டி, எல்லாம் போஸ்டர் ஒட்டும் பசையாகிவிடும். இத்தாலிய வீடுகளில் இதற்கென்றே ஒரு அச்சு வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நம் இடியாப்ப அச்சின் அண்ணன் மாதிரி இருக்கும். நம் வீட்டு அச்சிலேயே பெரிய துளைத் தட்டைப் போட்டுச் சூட்டோடு பிழிந்துவிடலாம்.

நூல் விடும் பாலாடைக்கட்டி

எல்லாப் பாலாடைக்கட்டியும் நூல் விடாது. நேபிள்ஸ்காரர்கள் போடுவது ‘புரோவோலா’. அதை மொஸரெல்லாவின் உடன்பிறப்பு என்னலாம். இவற்றைச் செய்யும்போது, உறைந்து புளித்த பால்கட்டியை வெந்நீரில் இட்டு, இழுத்து இழுத்து மடிக்கிறார்கள். அந்த இழுப்பில் பாலின் புரதம் நார் நாராக அணிவகுத்து நின்றுவிடுகிறது. சூடு பட்டால் உருகி நீள்வது அதனால்தான்.

“பனீர் போட்டால் ஆகாதா?” என்று கேட்பீர்கள். ருசி கெடாது, ஆனால் நூல் வராது. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்த பனீர் எவ்வளவு சூட்டிலும் உருகுவதில்லை. வறுத்தாலும் பொரித்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும். ஆகவே பீட்ஸாவுக்கென்று கடைகளில் கட்டியாக விற்கும் மொஸரெல்லாவே நமக்குச் சரி. நீரில் மிதக்கும் மென்மையான வகை என்றால், துண்டு போட்டு வடிதட்டில் ஓர் இரவு வைத்து நீரை வடித்துவிடவேண்டும்.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிழங்கோடு சேர்க்கும் கெட்டிச் சீஸ், இத்தாலியில் பர்மிஜானோவாக இருக்கும். அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் செய்வது. நம் நாட்டுக் கடைகளில் பச்சைப் புள்ளியிட்ட சீஸ் கிடைக்கிறது. அதைத் துருவிப் போட்டுக் கொள்ளலாம்.

வேண்டிய சாமான்கள் (40 உருண்டைக்கு)

உருளைக்கிழங்கு 1 கிலோ
துருவிய கெட்டிச் சீஸ் 70 கிராம்
மொஸரெல்லா அல்லது புரோவோலா 150 கிராம்
முட்டை மஞ்சட்கரு 1
பொடியாக நறுக்கிய பார்ஸ்லி (இல்லாவிட்டால் கொத்தமல்லி) ஒரு கைப்பிடி
மிளகுத் தூள் 1 தேக்கரண்டி
உப்பு தேவையான அளவு; சீஸிலும் உப்பு உண்டு என்பது நினைவிருக்கட்டும்
மேல் பூச்சுக்கு: மைதா 50 கிராம், முட்டை 2, மெல்லிய ரொட்டித் தூள் 200 கிராம்
பொரிக்கக் கடலை எண்ணெய் 1 லிட்டர் (நேபிள்ஸிலும் பலர் இதில்தான் பொரிக்கிறார்கள்!)

விருந்துக்கு முந்தின நாள்

கிழங்கை உப்புப் போட்ட குளிர்ந்த நீரில் வைத்து அடுப்பை ஏற்றுங்கள். நடுத்தரக் கிழங்கு வேக அரை மணிக்கு மேல் ஆகும். சூட்டோடு தோலை உரித்து, அச்சில் பிழிந்து, அகலத் தட்டில் பரப்பிவிடுங்கள். ஆவி போகட்டும். போகும் ஆவியெல்லாம் நாளைக்கு வெடிக்காத வெடி!

சூடு தணிந்த பின் துருவிய சீஸ், மஞ்சட்கரு, மிளகு, உப்பு, பார்ஸ்லி எல்லாம் சேர்த்து மெதுவாகப் பிசையுங்கள். மூடி, இரண்டு மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஆறிய மாவுச்சத்து இறுகிக் கெட்டிப்படும். அப்புறம் கையில் ஒட்டாது.

மொஸரெல்லாவை ஒன்றரை சென்டிமீட்டர் கட்டங்களாக நறுக்கித் துணியில் ஒற்றி எடுங்கள். சிறிய எலுமிச்சம்பழ அளவு கிழங்கை உள்ளங்கையில் தட்டி, நடுவில் ஒரு கட்டத்தை வைத்து மூடி, கீறல் இல்லாமல் உருட்டுங்கள். கொழுக்கட்டை பிடிக்கும் கைகளுக்கு இது கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. நேபிள்ஸில் விரல் நீளத்துக்கு உருட்டுவார்கள். கோப்பை ஏந்திய கைக்கு உருண்டைதான் வசதி.

உருண்டையை முதலில் மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ரொட்டித் தூளில் உருட்டுங்கள். மீண்டும் முட்டை, மீண்டும் ரொட்டித் தூள். இந்த இரட்டைச் சட்டைதான் கோட்டைச் சுவர். முட்டை சேர்க்காதவர்கள் மஞ்சட்கருவை விட்டுவிட்டு, பூச்சுக்கு மைதாவும் சோளமாவும் கரைத்த கரைசலைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். இரவெல்லாம் மேற்சட்டை உலர்ந்து இறுகிக்கொண்டே இருக்கும். நீங்கள் தூங்கும்போது உங்களுக்காக வேலை நடக்கிறது!

விருந்து நாளன்று

பொரிப்பதற்கு அரை மணி முன்னால் தட்டை வெளியே எடுத்து வையுங்கள். நேரே குளிரிலிருந்து எண்ணெய்க்குப் போனால், மேலே சிவந்த பிறகும் நடுவில் பாலாடைக்கட்டி கல்லாகவே இருக்கும்.

எண்ணெய் 170 டிகிரி செல்ஸியஸில் இருக்கட்டும். 175-ஐத் தாண்ட வேண்டாம். அளக்கும் கருவி இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை ரொட்டித் தூளைப் போட்டுப் பாருங்கள். சட்டென்று நுரைத்து மேலே வரவேண்டும். உடனே கறுத்தால் சூடு அதிகம். ஒரு ஈடுக்கு ஆறு, ஏழு உருண்டைக்கு மேல் போடாதீர்கள். கூட்டம் சேர்ந்தால் எண்ணெய் ஆறிவிடும். ஆறிய எண்ணெயில் சட்டை ஊறிப் பிய்ந்துபோகும். நான்கு நிமிஷம், மெதுவாகத் திருப்பிக்கொண்டே பொரித்து, ஜல்லிக் கரண்டியால் எடுத்துவிடுங்கள்.

எடுத்தவுடன் பரிமாறாதீர்கள். இரண்டு நிமிஷம் பொறுங்கள். வெளிச்சூடு அந்த நேரத்தில் உள்ளே இறங்கி, பாலாடைக்கட்டியை முழுதும் உருக்கும். கிழங்கு ஏற்கனவே வெந்தது; பாலாடைக்கட்டி உருக 60 டிகிரி சுமார் போதும். மேலே நிறம், உள்ளே உருக்கம், இவ்வளவே எண்ணெயின் வேலை. அதற்குமேல் விட்டால் ஆவி தன் வேலையைக் காட்டிவிடும். முதலில் ஒரே ஒன்றைப் பொரித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். அதை யார் தின்பது என்று வீட்டில் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

ஆறு ஈட்டில் நாற்பதும் முடிந்துவிடும். எட்டுப் பேர் வந்தால் ஆளுக்கு ஐந்து. ஈட்டுக்கு ஈடு தட்டு கூடத்துக்குப் போகட்டும். பொரித்ததை மூடி வைக்கக்கூடாது; மூடினால் அதன் ஆவியே அதை நனைத்துவிடும்.

மது வேண்டாதவர்களுக்கு

மது அருந்தாதவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. அதற்கும் நேபிள்ஸ்காரர்களே வழி வைத்திருக்கிறார்கள். அங்கே தெருமுனைத் தண்ணீர்ப் பந்தல்களில் பெரிய எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, குமிழி விடும் ஊற்று நீரைச் சேர்த்து, கடைசி நொடியில் ஒரு சிட்டிகை சோடா உப்பைப் போடுகிறார்கள். உடனே நுரை பொங்கி வழியும்! அந்தக் கணமே வாயில் வைத்தாக வேண்டும். மேலே சிந்தாமல் இருக்க, காலை அகட்டி, முன்னே குனிந்து நின்று குடிப்பார்கள். ‘கால் அகட்டிய எலுமிச்சைப் பானம்’ என்றே அதற்குப் பெயர். எண்ணெய்ப் பண்டத்துக்குப் பக்கத்தில் இதைவிடப் பொருத்தமான துணை வேறு இல்லை. பட்டுப்புடவையோடு மட்டும் முயற்சி செய்ய வேண்டாம்.

சோபியா லாரனின் கடையில் இன்று சாப்பிட்டு எட்டு நாள் கழித்துக் கடனைத் தீர்த்தார்கள். இந்த உருண்டைக்கு விதி நேர்மாறு. உழைப்பை நேற்றே செலுத்திவிட வேண்டும், சாப்பாடு இன்றைக்கு. முன்பணம் கட்டியவருக்கு உருண்டை வெடிப்பதில்லை. முக்கால் மணியில் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் தமக்கென்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த நாற்காலிக்கு எதிரே தட்டில் இரண்டு உருண்டை மிச்சமிருக்கும்படி விருந்தாளிகள் பார்த்துக்கொண்டால், அவர்களும் நல்ல விருந்தாளிகளே!